வராத பதினொரு பேரின் சாப்பாடு

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். சென்னையிலிருந்து ஒரு பறவை ஆர்வலர் குழு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். முப்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தலைக்கு 750 ரூபாய். வண்டியில் ஏறும்போது தந்தால் போதும் என்று ஒருங்கிணைப்பாளர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். மினி பஸ் வாடகை 9,000. ஊரைச் சுற்றிக்காட்டும் உள்ளூர் இளைஞருக்கு 2,000. காலைப் பலகாரம் தலைக்கு 80. குப்பத்தில் ஒரு வீட்டில் மீன்குழம்போடு மதியச் சாப்பாடு தலைக்கு 300. எல்லாம் சேர்த்து 22,400 ஆகிறது. முப்பது பேரும் வந்தால் வசூல் 22,500. கையில் மிஞ்சுவது நூறு ரூபாய். லாபத்துக்காக நடத்துகிற பயணம் இல்லை என்பதால் அதில் யாருக்கும் வருத்தமில்லை.

ஞாயிறு காலை பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். பதினொரு பேரில் இருவர் முந்தின நாள் இரவு வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் போட்டு மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். மற்றவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வசூல் 14,250. துண்டு விழுவது 8,150.

இந்த 8,150 யார் தலையில் விழும்? பஸ் உரிமையாளர் பாதி வண்டி காலி என்பதற்காக வாடகையைக் குறைக்கமாட்டார். டீசல் ஒன்றுதான், ஓட்டுநர் பேட்டா ஒன்றுதான். பலகாரம் ஏற்கெனவே பொட்டலம் கட்டியாகிவிட்டது. வந்த பத்தொன்பது பேரிடம் ஆளுக்கு இன்னும் 430 ரூபாய் கேட்டால் சண்டை வரும், அந்தச் சண்டையில் நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும். மீதமிருப்பது இரண்டு வழி. ஒருங்கிணைப்பாளர் தன் பையிலிருந்து போடலாம். இல்லையென்றால் குப்பத்துக்குப் போன் போட்டு, "அக்கா, பத்தொன்பது சாப்பாடு போதும்" என்று சொல்லலாம்.

பெரும்பாலும் அந்தப் போன்தான் போகிறது. அந்த அக்கா காலையிலேயே மடவையும் இறாலும் எடுத்து, கழுவி, மசாலா தடவி வைத்திருப்பார். ஏலத்தில் எடுத்த மீனைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பதினொரு சாப்பாட்டின் 3,300 ரூபாய் அவர் கணக்கில் நட்டம். அவர் வாய்ச்சண்டைக்கு வரமாட்டார். அடுத்த மாதமும் ஆட்கள் வரவேண்டுமே!

பதிவு செய்துவிட்டு வராதவர்களுக்காக ரத்து விதி என்று ஒன்றை எழுதி வைப்பது ஏன் என்று கேட்டால், என் பதில் இதுதான். அந்த விதி வராதவரைத் தண்டிப்பதற்காக இல்லை. நட்டம் வந்தே தீரும், அதை யார் தாங்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதற்காக. விதி இல்லாத இடத்தில் நட்டம் காணாமல் போவதில்லை. எதிர்த்துப் பேச முடியாதவர் யாரோ அவரிடம் போய்ச் சேருகிறது.

பழவேற்காட்டுக்கு வெளியூர்க் குழுக்கள் வருவதற்குக் காரணம் நிறைய. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆந்திரத்திலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் விரிந்து கிடக்கிறது. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டா. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. அந்தப் பக்கம் சூலூர்ப்பேட்டையில் ஆந்திர அரசு பூநாரைத் திருவிழாவே நடத்துகிறது. சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த அந்த விழா 2025 ஜனவரியில் மறுபடி நடந்தது. இந்தப் பக்கம் 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் தடயங்களும், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டிகளுக்கும் பெயர் உண்டு. ஓய்வு நாளில் ஒரு குழுவைக் கூட்டிப்போக இவ்வளவு போதும்.

ஆனால் பறவை வரும் பருவமும் புயல் வரும் பருவமும் இங்கே ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2016 டிசம்பரில் வர்தா, 2022 டிசம்பரில் மாண்டஸ், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று சென்னை வட்டாரம் வாங்கிய அடிகள் எல்லாம் பூநாரையைப் பார்க்கப் பதிவு நடக்கிற மாதங்களில்தான் விழுந்தன. இந்த ஏரிக்கு நிகழ்ச்சி அறிவிக்கிறவர், மழையைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் அறிவிக்கக்கூடாது.

புயலைவிட விசித்திரமான ஒன்றும் இந்த ஊரில் உண்டு. ராக்கெட். 2019இல் இஸ்ரோ ஸ்ரீஹரிக்கோட்டாவில் பொதுமக்கள் ஏவுதலைப் பார்க்கப் பார்வையாளர் மாடம் திறந்தது. முன்பதிவு செய்துகொண்டு போகலாம். அதே ஆண்டு ஜூலை 15 அதிகாலை 2.51க்குச் சந்திரயான்-2 கிளம்புவதாக இருந்தது. குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தார். 56 நிமிடம் மிச்சமிருக்கும்போது தொழில்நுட்பக் கோளாறு என்று கடிகாரத்தை நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து ஜூலை 22 பிற்பகல் 2.43க்குத்தான் ராக்கெட் பறந்தது. இஸ்ரோ செய்தது முழுக்கச் சரி. கோளாறோடு ஏவுவதற்கு நிறுத்துவது மேல். ஆனால் "ராக்கெட் பார்க்கலாம், வாருங்கள்" என்று பணம் வாங்கிக்கொண்டு ஒரு குழுவைப் பழவேற்காட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறவர் இந்த வாய்ப்பை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். ராக்கெட் தள்ளிப்போனால் பயணமும் தள்ளிப்போகுமா? இல்லை, டச்சுக் கல்லறையைப் பார்த்துவிட்டு மீன்குழம்பு சாப்பிட்டுத் திரும்புவதா? புதுத் தேதிக்கு வர முடியாதவரின் பணம் என்னாகும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாமல் பணம் வாங்குவது பிரச்சினையை முன்பதிவு செய்வது மாதிரி.

ஏவுதல் நாட்களில் உள்ளூர் மீனவர்களைக் குறிப்பிட்ட கடற்பகுதிக்குப் போகவேண்டாம் என்று எச்சரிப்பார்கள். அவர்களுடைய ஒரு நாள் தொழிலும் இப்படி ரத்தாகிறது. அதற்கு யாரிடம் எந்த விதி இருக்கிறது என்பது வேறு கட்டுரைக்கான கேள்வி.

ரத்து என்றதும் பதிவு செய்தவர் பின்வாங்குவதையே நினைக்கிறோம். நடத்துகிறவர் பின்வாங்குவதும் ரத்துதான், தேதியை மாற்றுவதும் ஒருவகை ரத்துதான். தமிழ்நாட்டில் இதற்கு எல்லாருக்கும் நினைவிருக்கிற உதாரணம் ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி. 2023 ஆகஸ்ட் 12 அன்று நடக்கவிருந்தது மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர் பக்கம் நடந்தது. இடம் தாங்காத கூட்டம். சீட்டு வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், சாலையெல்லாம் நெரிசல். மன்னிப்பும் பணத்தைத் திருப்பித் தரும் அறிவிப்பும் பிறகு வந்தன. அந்தக் குளறுபடிக்குப் பல காரணம் சொல்லப்பட்டது. நம் விஷயத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தேதி மாறினால் வாங்கியவரைப் பொறுத்தவரை அது புது நிகழ்ச்சி. ஆகஸ்டில் விடுப்பு எடுத்தவருக்குச் செப்டம்பரில் விடுப்பு கிடைக்காமல் போகலாம். "புதிய தேதிக்கு அதே சீட்டு செல்லும்" என்பது வசதி. அதோடு, "வர முடியாதவர் இத்தனை நாளுக்குள் சொன்னால் முழுப்பணம்" என்பதும் சேர்ந்தால்தான் அது விதி. எத்தனை பேர் விலகுகிறார்கள் என்று தெரிந்தால்தான் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்பதும் தெரியும்.

நம்மவர்கள் ஏன் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம். பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டுவது சுலபம். எனக்கு அது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. அழைத்தவர் முகத்துக்கு நேரே "வரமாட்டேன்" என்று சொல்வதை நாம் மரியாதைக் குறைவாக நினைத்துப் பழகியிருக்கிறோம். கல்யாணப் பத்திரிகை நீட்டினால் "கட்டாயம் வர்றோம்" என்பதுதான் பதில். வருவதும் வராததும் பிறகு பார்த்துக்கொள்வது. கல்யாண வீட்டுக்காரர் அதைத் தெரிந்துகொண்டே இலைக்கணக்குப் போடுகிறார். அந்தப் பழக்கம் அப்படியே பதிவுப் படிவத்துக்கும் வந்துவிட்டது. பெயர் கொடுப்பதை ஆர்வத்தின் அடையாளமாக நினைக்கிறார்களே தவிர, அதை ஒரு வாக்காக நினைப்பதில்லை. பணம் கட்டாத பதிவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ரத்து விதியின் பாதி வேலை, பின்வாங்குவதற்கு ஒரு கௌரவமான வாசல் திறந்து வைப்பது. "வியாழன் இரவுக்குள் சொன்னால் போதும், பணமும் திரும்பும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்" என்று எழுதியிருந்தால், தயங்குகிறவர் சொல்லிவிடுவார்.

சொல்லாமல் வராதவர்களைச் சமாளிக்கச் சில அமைப்பாளர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி, கூடுதலாகப் பதிவு வாங்குவது. முப்பது இருக்கைக்கு நாற்பது பெயர். எப்படியும் பத்துப் பேர் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. விமான நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. ஆனால் அவர்களிடம் பல வருடக் கணக்கு இருக்கிறது, அடுத்த விமானம் இருக்கிறது. இருக்கை இல்லையென்று இறக்கிவிட்டு, மாற்று ஏற்பாட்டை ஒரு மணி நேரத்துக்குள் செய்யாவிட்டால் 10,000 ரூபாய் வரையிலும், 24 மணி நேரத்தையும் தாண்டிவிட்டால் 20,000 ரூபாய் வரையிலும் இழப்பீடு தரவேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பறவைக் குழுவிடம் இதில் எது இருக்கிறது? நாற்பது பேரும் வந்துவிட்டால் பத்துப் பேரை பஸ்ஸில் நிற்கவைப்பார்கள். "கொஞ்சம் நெருக்கி உட்காருங்க சார்" என்பார்கள்.

நீர்ப்பக்கத்தில் நெருக்கி உட்காருவது விளையாட்டல்ல. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் உல்லாசப் பயணிகள் ஏறிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். தாங்கும் அளவுக்கு மேல் ஆட்கள், உயிர்காக்கும் உடுப்பு இல்லை. அதற்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்ல மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. அது பதிவு செய்து நடந்த நிகழ்ச்சி இல்லை. அதை இங்கே இழுப்பது ஒரே காரணத்துக்காக: இந்த ஊரில் ஆள் எண்ணிக்கை என்பது கணக்குப் புத்தகத்தோடு முடிகிற விஷயம் இல்லை. கையிலிருக்கும் பட்டியலில் முப்பது பெயர், கரையில் நிற்பது பத்தொன்பது பேர் என்றால், ஏதாவது அசம்பாவிதம் நடக்கும்போது தேடுகிறவர்கள் எத்தனை பேரைத் தேடுவார்கள்? பெரம்பூரில் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவரை முகத்துவாரத்தில் தேடும் நிலை வரும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிமுறைகள் கொண்டுவந்ததால், யார் யார் போகிறார்கள் என்ற பட்டியலின் அருமை மலைப்பக்கம் தெரிந்திருக்கிறது. நீர்ப்பக்கம் இன்னும் அவ்வளவு தெரியவில்லை. வராதவர் தன் பெயரை எடுத்துவிடச் சொல்வதும், அமைப்பாளர் கிளம்பும்போது பட்டியலைத் திருத்திக்கொள்வதும் பணத்தைவிட முக்கியமான காரியங்கள்.

குப்பத்தின் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு பழைய முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில், ஏரியின் எந்தப் பகுதியில் யார் எந்த நாள் சுத்துவலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். உரிமை உள்ளவர்களின் பெயர்கள் ஊர்க் கணக்கில் இருக்கும். (இந்த முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் மனத்தாங்கல் தனிக்கதை, நியாயமான கதையும்கூட.) இறால் நல்லபடி கிடைக்கிற பாடும் உண்டு, வெறும் வலையோடு திரும்புகிற பாடும் உண்டு. அதனால்தான் முறை சுற்றிச் சுற்றி வருகிறது. ஒருவர் தன் முறை நாளில் விருந்தாளிகளுக்காகக் கரையில் நின்றுவிட்டால், அந்த நாள் போனது போனதுதான். அடுத்த சுற்று வரும்வரை அந்த இடம் அவருக்கில்லை. சென்னைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை ரத்தானால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வரமாட்டேன் என்று சொல்வதற்கான கெடு, பதிவு செய்தவரின் வசதியை வைத்து மட்டும் எழுதப்படும்போது இந்த வித்தியாசம் கணக்கில் வருவதே இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்று யாரும் தொழிலுக்குப் போகாதது இந்தக் கரையோர ஊர்கள் பலவற்றில் வழக்கம். கோயில் திருவிழா, ஊர்ப்பஞ்சாயத்துக் கூட்டம் என்றாலும் எல்லாம் நின்றுவிடும். அன்றைக்கு விருந்து சமைக்கச் சொல்லி வற்புறுத்துவது முறையல்ல. ஆகவே விதி இருபக்கமும் வெட்ட வேண்டும். ஊர்க்காரர் ரத்து செய்தால் அவருக்குக் கொடுத்த அட்வான்ஸ் அடுத்த பயணத்துக்கு ஆகும் என்று முன்பே பேசிக்கொண்டால், துக்க வீட்டு வாசலில் நின்று பணம் பேசும் அசிங்கம் இருக்காது.

சரி, எவ்வளவு பிடிக்கலாம்? இதில்தான் பலர் தவறுகிறார்கள். "எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டால் சட்டப்படி பத்திரமாகிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவு: ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தண்டம் என்று எழுதியிருந்தாலும், கிடைப்பது அந்தத் தொகையைத் தாண்டாத நியாயமான இழப்பீடுதான். எழுதிய தொகை உச்சவரம்பு, அவ்வளவே. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. ஏற்பட்ட நட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர்மேல் சுமத்தும் ஒப்பந்தம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2(46) பிரிவு சொல்கிறது. நடத்துகிறவரால் நடத்தவே முடியாமல் போனால் என்ன? நிறைவேற்ற முடியாததாகிவிட்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தால் பெற்றதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு. புயலால் பயணமே நின்றுபோனால் "இயற்கைச் சீற்றம், நாங்கள் பொறுப்பல்ல" என்ற வரி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது.

காசு வாங்காமல் நடத்தும் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதனால் இலவச நடைப்பயணம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் வராதவர்கள் தொல்லை அவர்களுக்குத்தான் அதிகம். ஒரு சின்னத் தொகையைப் பிணையாக வாங்கிக்கொண்டு, வந்தவர்களுக்கு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவது ஒரு வழி. ஐம்பது ரூபாய்க்கு மனிதனை எழுப்பி உட்காரவைக்கும் சக்தி இருக்கிறது, ஆச்சரியம்தான்.

பிடித்தம் எவ்வளவு என்பதற்கு என் யோசனை, வட்டமான சதவீதங்களை விட்டுவிட்டுச் செலவு எப்போது உறுதியாகிறது என்று பார்ப்பது. நம் கற்பனைப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். பஸ்ஸையும் வழிகாட்டியையும் ஒரு வாரம் முன்பு உறுதி செய்கிறோம். அது 11,000 ரூபாய், ஆளுக்கு ஏறத்தாழ 370. சாப்பாட்டு எண்ணிக்கையை வெள்ளிக்கிழமை காலை குப்பத்துக்குச் சொல்கிறோம். அது பலகாரத்தோடு ஆளுக்கு 380. ஆக, ஒரு வாரத்துக்கு முன் விலகினால் முழுப் பணமும் திரும்பும், ஏனென்றால் யாருக்கும் நட்டமில்லை. அதன்பிறகு வியாழன் இரவுக்குள் விலகினால் 370 பிடித்துக்கொண்டு 380 திரும்பும். அதற்குப் பிறகு எதுவும் திரும்பாது. ஆனால் எந்தக் கட்டத்திலும் அவர் இடத்துக்கு வேறொருவர் வந்து பணம் கட்டிவிட்டால் முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டும். அதையும் பிடித்துக்கொண்டால் ஒரே இருக்கைக்கு இரண்டு முறை காசு வாங்கியதாகிவிடும். இப்படிப் போட்ட கணக்கை யார் கேட்டாலும் விளக்கலாம், நுகர்வோர் ஆணையம் உட்பட.

ரயில்வே இதையே பெரிய அளவில் செய்கிறது. 2015 நவம்பரில் வந்த விதிகளின்படி, உறுதியான சீட்டை 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் வகுப்புக்கேற்ற ஒரு சிறு கட்டணம்தான் போனது. 48இலிருந்து 12 மணி நேரத்துக்குள் என்றால் கால்பங்கு போனது, 12இலிருந்து 4 மணி நேரத்துக்குள் என்றால் பாதி. கூடவே காத்திருப்போர் பட்டியல். விலகுகிறவர் சீக்கிரம் விலகினால் அந்த இடம் இன்னொருவருக்கு உதவும் என்பதுதான் இந்தப் படிக்கட்டுக்கெல்லாம் அடிப்படை. தமிழ்நாட்டில் ரயில் சீட்டு ரத்து செய்யத் தெரியாதவர் குறைவு. அதனால் குழுப் பயணத்துக்கு இப்படி ஒரு விதி போட்டால் யாருக்கும் அது அந்நியமாக இருக்காது.

எங்கே சொல்வது என்பதையும் விதியே தெளிவாக்க வேண்டும். முந்நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் போட்ட ஒரு வரி தகவல் ஆகாது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அது புதைந்துவிடும். ஒரே ஒரு எண், அதற்கு எழுத்தில் செய்தி, "பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு பதில். பதில் வராவிட்டால் ரத்து ஆகவில்லை என்று இருவரும் புரிந்துகொள்ளலாம். திருப்பித் தரும் பணம் எத்தனை நாளில் வரும் என்பதையும் எழுதவேண்டும். "சீக்கிரம் அனுப்பிவிடுகிறோம்" என்பது ஒரு தேதி ஆகாது. பணம் வாங்க ஜிபேயில் அரை நிமிடம் எடுத்தவர்கள் திருப்பித் தர ஒரு மாதம் எடுப்பதை மக்கள் நன்றாகக் கவனிக்கிறார்கள். அடம்பிடிக்கிற அமைப்பாளர் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 750 ரூபாய்க்கு அங்கே போகிறவர் குறைவு என்றாலும், எண் தெரிந்திருப்பது நல்லது.

உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்று கடைசி நேரத்தில் சொல்கிறவர்களை என்ன செய்வது? சான்றிதழ் கேட்கும் அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. இறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு 750 ரூபாய் திருப்பித் தருவதில் யாருக்கும் பெருமை இல்லை. அதற்குப் பதில், இப்படிப்பட்டவர்களுக்கு அடுத்த பயணத்தில் இடம் என்று பொதுவாக எழுதிவிடலாம். அதையும் சிலர் தவறாகப் பயன்படுத்துவார்கள். ஒரே பாட்டி இரண்டு முறை இறப்பார். மூன்றாவது முறை அந்தப் பெயரைப் பதிவில் சேர்க்காமல் இருந்தால் போயிற்று.

இப்படிப் பிடித்த பணம் எங்கே போகிறது என்பதில்தான் விதியின் யோக்கியதை தெரியும். வராதவரின் சாப்பாட்டுக் காசைப் பிடித்துக்கொண்டு, சமைத்தவருக்கு வந்தவர்களின் எண்ணிக்கைப்படி மட்டும் கொடுக்கிற அமைப்பாளர் விதியின் பெயரால் கொள்ளை அடிக்கிறார். வெள்ளிக்கிழமை சொன்ன எண்ணிக்கை எதுவோ, அதற்கான முழுத் தொகையும் ஞாயிறு மதியம் குப்பத்தை விட்டுக் கிளம்பும் முன் அந்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை, பிடித்த தொகை எவ்வளவு, அது யாருக்குப் போனது என்று நாலு வரியில் குழுவில் போட்டுவிட்டால் அடுத்த முறை பிடித்தத்தைப் பற்றி முணுமுணுப்பு குறையும்.

விதியை நீளமாக எழுதத் தேவையில்லை. பதிவுப் படிவத்தின் தலையிலேயே, பணம் கட்டும் இடத்துக்கு மேலே, இந்த அளவு இருந்தால் போதும்: "இடம் முப்பது பேருக்கு மட்டும். பணம் கட்டிய பிறகே பதிவு உறுதி. பயணத்துக்கு ஏழு நாளுக்கு முன் விலகினால் முழுப் பணமும் திரும்பும். அதன்பின் வியாழன் இரவு எட்டு மணிக்குள் விலகினால் 380 ரூபாய் திரும்பும், மீதி வண்டிக்கும் வழிகாட்டிக்கும் போகும். பிறகு விலகினால் பணம் திரும்பாது, உங்கள் சாப்பாட்டுக் காசு சமைத்தவருக்குப் போய்விடும். உங்களுக்குப் பதில் வேறொருவர் வந்தால் முழுப் பணமும் உங்களுக்கு. புயல் எச்சரிக்கை வந்தால் நாங்களே சனிக்கிழமை மதியத்துக்குள் ரத்து செய்து சொல்வோம், ஐந்து நாளில் பணம் வரும். வரமுடியாவிட்டால் இந்த ஒரு எண்ணுக்கு மட்டும் செய்தி அனுப்புங்கள்." புயல் எச்சரிக்கையால் சனிக்கிழமை ரத்தானால் வெள்ளிக்கிழமையே சொல்லிவைத்த சாப்பாடு என்னாகும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஞாயிறு காலை வாங்கவேண்டிய மீனைச் சனி மதியமே வேண்டாம் என்று சொல்லிவிடுவதால் பெரிய நட்டத்தைத் தவிர்க்கலாம். அதற்குமேல் ஏதாவது வாங்கியிருந்தால், அந்தச் செலவை அமைப்பாளர்தான் ஏற்கவேண்டும். அதற்காக ஒவ்வொரு பயணத்திலும் தலைக்கு இருபது ரூபாய் ஒதுக்கி ஒரு கையிருப்பு வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இப்படி ஒரு விதியோடு முதல்முறை அறிவிக்கும்போது, "என்ன, கம்பெனி மாதிரி ஆகிவிட்டீர்களே" என்று சிலர் கேலி செய்வார்கள். முன்பணம் என்றதும் முப்பது பெயரில் எட்டுப் பெயர் அங்கேயே உதிரும். உதிரட்டும். இருபத்திரண்டு பேருக்கு என்று ஒரு வாரம் முன்பே தெரிந்துவிட்டால், அதற்கேற்ற சின்ன வண்டியாகப் பேசிக்கொள்ளலாம்.